அத்தைக்கு எழுதிக் கொடுத்த சீட்டு

கை நிக்காது, தப்பா எடுத்துக்கிடாதீங்க டாக்டரம்மா. சுளகு மடியில ஏறிட்டுன்னா இலையை எடுக்க, தூளை வைக்க, உருட்ட, நூலைச் சுத்த, முனையை மடக்க, இதுதான் வேலை. நீங்க கேக்குறதைக் கேளுங்க, நான் பீடி இலையைப் பார்த்துக்கிட்டே பதில் சொல்லுதேன். உங்க முகத்தைப் பார்த்துச் சொல்லணும்னா எனக்கு வராது. சின்னதிலிருந்தே அப்படித்தான். அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டதுக்குப் பாதிக் காரணம் அதுதான். எந்திரிச்சு நின்னு வாசின்னு டீச்சர் சொல்லிட்டா புஸ்தகத்தை மூடிட்டு உக்காந்துருவேன்.

டாக்டரம்மா இல்லையா? மூணாம் வருசம்தான் படிக்கீங்களா? வெள்ளைக் கோட்டுப் போட்டிருக்கீங்கள்லா, பெறகென்ன. எங்க தெருவுல அஞ்சு வீட்டை உங்க பொறுப்புல விட்டிருக்காங்கன்னு நர்சம்மா சொன்னாங்க. மாசம் ஒருக்கா வந்து பிள்ளைங்களை எடை போட்டு எழுதிக்கிட்டுப் போவீங்களாம். எழுதிக்கோங்க. ஆனா ஒண்ணு கேக்கேன். எங்க அத்தையை என்னத்துக்கு இந்த உச்சி வெயில்ல அனுப்புனீங்க?

நீங்க வந்து உக்காந்து அஞ்சு நிமிசம் ஆகலை. என்னைப் பார்த்துத்தான் கேட்டீங்க, எல்லாத்துக்கும் அத்தைதான் பதில் சொன்னாங்க, அது எப்பவும் உள்ளதுதான். பிள்ளைக்கு எத்தனை மாசம்னீங்க, பதினொண்ணுன்னாங்க. என் வயசைக் கேட்டீங்க, அதையும் அவங்கதான் சொன்னாங்க, ஒரு வயசு கூட்டி. எட்டிப் போய்த் தொட்டிலைப் பார்த்தீங்க. உடனே தாளைக் கிழிச்சு என்னத்தையோ எழுதி, 'பாட்டி, அங்கன்வாடியில நர்ஸ் இருப்பாங்க, இதைக் கொடுத்தா ரெண்டு பாக்கெட் தருவாங்க, நீங்களே வாங்கிட்டு வந்துருங்க'ன்னுட்டீங்க. நான் போறேன்னு சுளகை இறக்குனதுக்கு, 'இல்லக்கா, நீங்க இருங்க, பாட்டிதான் போகணும்.' பாட்டின்னதும் அவங்க மூஞ்சி போன போக்கைப் பார்த்தீங்களா? நாப்பத்தெட்டு வயசுதான் ஆகுது அவங்களுக்கு. அவங்க திரும்பி வந்ததும் அதுக்கு நான்தான் வாங்கிக் கட்டிக்கிடணும்.

என்ன? பிள்ளைக்கு என்ன செய்யுதுன்னா? ஒண்ணுமில்லை. பல்லு முளைக்குது, அதான். ரெண்டு நாளா வயித்தால போகுது.

ஏன் அப்படிப் பார்க்கீங்க? பேனா கீழ விழுந்துட்டு, எடுங்க.

என் குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா?

கேட்டிருப்பீங்க. கேக்காம எங்க போவீங்க. பதினோரு காலேஜ்ல கேக்காங்களாமே. அந்த கிரிஜா நான்தான். கம்ப்யூட்டர் விளையாட்டுல பட்டுச்சேலை கட்டிக்கிட்டு, மடியில பிள்ளையை வச்சுக்கிட்டு, என்ன கேட்டாலும் 'தெரியலை சார்'னு சொல்லுவாள்லா, அவளுக்குக் குரல் கொடுத்தது நான்தான். என் பேரு முப்பிடாதி. முப்பிடாதின்னா வெளியூர்ப் பிள்ளைங்களுக்கு வாயில நுழையாதுன்னு கிரிஜான்னு வச்சுட்டாங்க. பேரை விடுங்க, வயித்தால போற பிள்ளையை மடியில வச்சிருக்கிற எவளாவது பட்டுச்சேலை கட்டுவாளா? அதையாவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யாரும் கேக்கலை. கேட்டாத்தானே நான் சொல்லுவேன்.

நீங்க விளையாண்டீங்களா? எத்தனை தடவை?

இல்லை, அதைக் கேக்கலை. எத்தனை தடவை பிள்ளையைச் சாகக் கொடுத்தீங்க?

நாலா!

நல்லா இருப்பீங்க. நாலு தடவை. அப்ப நாலு தடவை நான் கதறுனதைக் கேட்டிருக்கீங்க. உங்க வகுப்புல மொத்தம் எத்தனை பேரு? நூத்தம்பதா? அதைப் பதினோரு காலேஜால பெருக்க எனக்குத் தெரியாது. நீங்களே மனசுல பெருக்கிப் பாருங்க. நான் ஒருத்தி இங்க பீடி சுத்திக்கிட்டு இருக்கேன், எனக்குத் தெரியாம எங்கேயோ ஒரு மூலையில என் தொண்டை பிள்ளை போயிட்டே, பிள்ளை போயிட்டேன்னு கதறிக்கிட்டே கிடக்கு. எம்பிள்ளை உயிரோட தொட்டில்ல இருக்கையில.

குடிக்க என்ன கொடுக்கேனா? பால்தான். நான் என்ன சொல்லிக்கிட்டு இருக்கேன், நீங்க என்ன கேக்கீங்க.

முதல்லருந்து சொல்லுதேன். அத்தை வாறதுக்குள்ள சொல்லி முடிச்சிருதேன், அவங்க இருந்தா இவ்வளவு வார்த்தை என் வாயில வராது. போன ஆனி மாசம். அப்ப இவளுக்கு, தன்ஷிகாவுக்கு, மூணு மாசம். தடுப்பூசி போடத் தூக்கிட்டுப் போயிருந்தேன். மலையடிவாரத்துல இருக்கிற உங்க காலேஜ்லருந்து ஜெபசிங் டாக்டர் அங்க வந்திருந்தாரு. அதான் உங்க சார். பிள்ளை டாக்டருக்குப் படிக்கிறவங்க பழகுறதுக்கு கம்ப்யூட்டர்ல விளையாட்டு மாதிரி ஒண்ணு பண்ணுதோம், அதுல வர்ற அம்மாவுக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு பேசுற குரல் வேணும்னாரு. அங்க இருந்த எட்டுப் பொம்பளைகளையும் உக்கார வச்சு ஆளுக்கு ரெண்டு கேள்வி கேட்டாரு. ஆத்தாடி, அவளுகளுக்கு வாயா இல்லை? ஒரு கேள்விக்குப் பத்துப் பதில். ஒருத்தி நாத்தனாரோட போட்ட சண்டை வரைக்கும் போயிட்டா. என் முறை வந்துச்சு. 'பிள்ளைக்கு என்னம்மா?'ன்னாரு. நான் 'ம்'னேன். 'காய்ச்சலா?' 'ம்.' 'எத்தனை நாளா?' நான் தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். அவரு மேசையில ஓங்கித் தட்டுனாரு. நான் பயந்துட்டேன். 'இவங்கதான். இவங்களேதான் வேணும்'னாரு. ஆஸ்பத்திரிக்கு வர்ற அம்மாமாரு இப்படித்தான் இருப்பாங்களாம், பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டாத்தான் ஒரு வார்த்தை வருமாம், படிக்கிற பிள்ளைங்க அதைத்தான் பழகணுமாம். எட்டுப் பேரும் என்னைப் பார்த்துச் சிரிச்சாளுக. பேசத் தெரியாதவளைப் பேசக் கூட்டிட்டுப் போறாங்கன்னு.

உங்க காலேஜ்ல ஒரு அறை. சுவரெல்லாம் மெத்தை அடிச்ச மாதிரி. கதவைச் சாத்திட்டா வெளிச் சத்தம் உள்ள வராது, நம்ம சத்தம் வெளியே போகாது. நான் எழுத்துக்கூட்டித்தானே வாசிப்பேன், அதனால அவரு ஒவ்வொண்ணாச் சொல்லுவாரு, நான் மைக்குல திருப்பிச் சொல்லணும். 'ரெண்டு நாளா வயித்தால போகுது.' 'பல்லு முளைக்குது, அதான்.' 'எப்பவும் போலத்தான்.' 'தெரியலை சார்'ங்கிறதை மட்டும் இருபது தினுசாச் சொல்ல வச்சாரு. ரெண்டு நாள் போனேன். பிள்ளையை மடியில போட்டுக்கிட்டுத்தான். கடைசியில 'இப்ப அழணும்மா'ன்னாரு. எதுக்கு சார்னேன். படிக்கிற பிள்ளை தப்பா வைத்தியம் பார்த்துட்டா விளையாட்டுல பிள்ளை செத்துப்போகும், அப்ப அம்மா அழணும்னாரு.

நீங்களே சொல்லுங்க. மடியில பிள்ளை பால் குடிச்சுக்கிட்டு இருக்கு. அதை வச்சுக்கிட்டு செத்த அழுகை அழ முடியுமா? எங்க பக்கத்துல உயிரோட இருக்கிற ஆளைப் பத்திக் கனவுல அழுதாலே விடிஞ்சதும் போய்த் தலை முழுகிட்டு வருவாங்க. நான் மாட்டேன்னேன். ஆமா, நான்தான், வாயைத் திறந்து மாட்டேன்னேன். அவரும் சரிம்மா, அது வேண்டாம், வேற ஆளைப் பார்த்துக்கிடுதோம்னாரு. நல்ல மனுசன், அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

அதோட முடிஞ்சிருந்தா நான் ஏன் இப்படிப் புலம்பப் போறேன்.

அவரு கதவைத் திறந்து போட்டுட்டு வெளிய போய் யாருட்டயோ பேசிக்கிட்டு இருந்தாரு. நான் கிளம்புறதுக்குப் பிள்ளையைத் தோள்ல போட்டேன். குடிச்ச பால் புரையேறிட்டு. இருமலை. அழலை. நீலம் பாரிச்சுப் போச்சு டாக்டரம்மா, உதடு, நகம் எல்லாம். மூச்சு இல்லை. நான் கத்துன கத்து எனக்கே தெரியாது, என்ன சொன்னேன்னும் தெரியாது. அவரு ஓடி வந்தாரு, பிள்ளையை வாங்கிக் கையில குப்புறப் போட்டு முதுகுல அஞ்சு தட்டுத் தட்டுனாரு. பால் வெளிய வந்து, வீல்னு அழுதா. நான் அவரு கால்ல விழுந்தேன்.

அந்த மைக்கு அணைக்கலை.

புரியுதா உங்களுக்கு? அணைக்கவே இல்லை. நான் கத்துனதெல்லாம் அதுல விழுந்திருக்கு. அதைத்தான் எடுத்து விளையாட்டுல சேர்த்துட்டாங்க. நீங்க நாலு தடவை கேட்டது நடிப்பு இல்லை. எம்பிள்ளைக்கு நான் கத்துனது.

இவ்வளவுக்கும் எனக்கு எதுவும் தெரியாது. ஆறு மாசம் கழிச்சு நர்சம்மா என் போன்ல அந்த விளையாட்டை ஏத்திக் கொடுத்தாங்க, 'முப்பிடாதி, உன் குரல் வருது பாரு'ன்னு. ஆசையாத்தான் பார்த்தேன். எழுத்தெல்லாம் இங்கிலீசு. படத்தை வச்சுத்தான் பிடிபட்டுது. காதைத் தொட்டா கேள்வி, கையைத் தொட்டா பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிறது, கரண்டியைத் தொட்டா மருந்து. நான் எதையெதையோ தொட்டேன். மேல கடிகாரம் ஓடிக்கிட்டே இருந்துச்சு. படம் சாம்பல் நிறமாப் போச்சு. பெறகு அந்தச் சத்தம்.

அடுப்படியில இருந்த எங்க அத்தை கரண்டியோட ஓடி வந்தாங்க, பேத்தி போயிட்டான்னு. தொட்டில்ல பிள்ளை காலை ஆட்டிக்கிட்டு கிடக்கா. என் கையில போன் கதறுது. அன்னைக்கு விழுந்த பேச்சு இருக்கே! உயிரோட இருக்கிற பிள்ளைக்கு அழுதவ நீ, உன் அழுகை ஊரெல்லாம் சுத்திட்டு ஒரு நாள் நம்ம வாசலுக்குத்தான் வரும்னாங்க. சுத்திப் போட்டாங்க, கறுப்புக் கயிறு கட்டுனாங்க. நான் அழலை அத்தை, அது புரையேறுனப்போ கத்துனதுன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். வரலை.

உங்க காலேஜுக்குப் போனேன். முதல் தடவை வாசல்ல நிக்கிற காவலாளி, சீட்டு இருக்கா, யாருக்கு முடியலைன்னு கேட்டான். யாருக்கும் முடியாம இல்லையே. என்னன்னு சொல்ல? திரும்பிட்டேன். ரெண்டாம் தடவை ஜெபசிங் சாரையே பார்த்துட்டேன். 'சார், அந்த அழுகையை எடுத்துருங்க'ன்னேன்.

'அதுதாம்மா அந்த விளையாட்டுல பெரிய விஷயமே'ன்னாரு. 'முன்னாடி நடிகையை வச்சு அழுகை போட்டோம், பசங்க சிரிச்சுக்கிட்டே அடுத்த ஆட்டத்துக்குப் போயிட்டாங்க. உங்க சத்தத்தைக் கேட்ட பிள்ளை எவனும் அடுத்த தடவை ஒரு கேள்வியைத் தாண்டிப் போறதில்லை. உங்களால எத்தனை பிள்ளை நிஜத்துல பிழைக்கும் தெரியுமா?' அப்படின்னாரு. கையெழுத்துப் போட்டிருக்கீங்களேம்மான்னு ஒரு தாளையும் காட்டுனாரு. என் கையெழுத்துத்தான். கோணல்மாணலா. அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு அன்னைக்கு யாரும் வாசிச்சுக் காட்டலை, நானும் கேக்கலை.

உங்களுக்கு ஊரான் பிள்ளை நூறு பிழைக்கணும்னா எம்பிள்ளை தலையில ஏன் சார் செத்த அழுகையைக் கட்டுதீங்க? இப்படி நான் கேட்டேன். மனசுக்குள்ள. வெளிய வந்தது 'சரி சார்.' எம்பிள்ளைக்கு மூச்சு கொடுத்த மனுசன்கிட்ட வேற என்ன வரும். பஸ் ஸ்டாப் வர்ற வரைக்கும் என்னை நானே ஏசிக்கிட்டே வந்தேன். மூணாம் தடவை போனேன், இந்த விளையாட்டைப் பத்திப் பேசக் கோயம்புத்தூர் போயிருக்காருன்னுட்டாங்க.

திரும்பவும் அதையே கேக்கீங்களே. எப்பவும் போலத்தான் குடிக்கா. பாருங்க, சத்தமே இல்லாம சமத்தாக் கிடக்கா. நேத்து வரைக்கும் நைநைன்னு ஒரே அழுகை, இன்னைக்குக் காலையிலருந்து ஒரு தொந்தரவு இல்லை. தொட்டில் துணி கூட நனையலை, எனக்குத் துவைக்கிற வேலை மிச்சம். அதனாலதான் இத்தனை கட்டுப் பீடி சுத்த முடிஞ்சுது.

ஏன் எந்திரிக்கீங்க? உக்காருங்க, இன்னும் சொல்லி முடிக்கலை.

பெறகு என்ன செஞ்சேன் தெரியுமா? நானே விளையாடப் பழகிட்டேன். தினமும். அத்தை கோயிலுக்குப் போற நேரம் போனைத் திறந்து அந்தப் பிள்ளையைக் காப்பாத்துவேன். ஒரு தடவை கூட அந்தச் சத்தம் வர விட்டதில்லை இப்ப. கண்ணு குழி விழுந்திருக்கான்னு பார்க்கணும். வயித்துத் தோலைக் கிள்ளி விட்டா எம்புட்டு நேரத்துல படியுதுன்னு பார்க்கணும். மூத்திரம் போச்சான்னு கேக்கணும், அதுக்கு மூணு மார்க்கு. உப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொடியைத் தண்ணியில கரைச்சுக் கரண்டி கரண்டியாக் கொடுக்கணும், அவசரப்பட்டு ஊத்திட்டா வாந்தி எடுத்துரும். எல்லாம் எனக்கு அத்துப்படி. உங்க வகுப்புல வந்து உக்காந்தா நான்தான் முதல் மார்க்கு. ஆனா நான் ஒருத்தி காப்பாத்தி என்னத்துக்கு? நீங்க அத்தனை பேரு கொன்னுக்கிட்டே இருக்கீங்களே.

அதுவும் எதுல தப்பு விடுதீங்க? ஒரே ஒரு இடத்துலதான், எல்லாரும் அதே இடத்துல. கிரிஜா பக்கத்துல அவ மாமியார் நிக்காள்லா? மாமியார் நிக்கிற வரைக்கும் குடிக்க என்ன கொடுக்கேன்னு கேட்டா 'பால்தான்'பா. மறுபடி கேட்டா 'எப்பவும் போலத்தான்'பா. அதை நம்பிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருவீங்க. அந்த இடத்தை அப்படி வச்சதே என்னாலதான். ஜெபசிங் சார் அன்னைக்குக் கேட்டாரு, 'பிள்ளைக்குத் தண்ணி கொடுக்காதேன்னு மாமியார் சொல்லியிருந்தா நீங்க டாக்டர்ட்ட சொல்லுவீங்களாம்மா?'ன்னு. அவங்க பக்கத்துல நிக்கையில எப்படி சார் சொல்லன்னேன். அதை அப்படியே எழுதிக்கிட்டாரு. அதுக்கு மேல ஒரு சூட்சுமம் வச்சாரு. மாமியார் படத்தைத் தொட்டா சின்னதா ஒரு தாள் வரும். சும்மா எதையாவது எழுதி அவ கையில கொடுத்து, மருந்து வாங்கிட்டு வாங்கன்னு வெளிய அனுப்பிரணும். அவ படி இறங்கின பெறகு அதே கேள்வியை மூணாம் தடவை கேக்கணும். அப்பத்தான் கிரிஜா உண்மையைச் சொல்லுவா. நீங்க தலைகீழா நின்னாலும் அந்தச் சீட்டை எழுதி அனுப்பாம...

சீட்டை எழுதி...

டாக்டரம்மா.

நீங்க எங்க அத்தையை...

சிரிக்காதீங்க. என்கிட்டயேவா? நான் சொல்லிக் கொடுத்த வித்தையை என் வீட்டு நடையில உக்காந்துக்கிட்டு என்கிட்டயே காட்டுதீங்களா? இவ்வளவு நேரம் நான் நெஞ்சைத் திறந்து கொட்டுதேன், நீங்க கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு எந்தக் கேள்வி மிச்சம்னு எண்ணிக்கிட்டு இருந்திருக்கீங்க. அது விளையாட்டு டாக்டரம்மா, இது வீடு. விளையாட்டுல தண்ணி கொடுத்தா மார்க்கு வரும். இங்க கொடுத்தா பேச்சுத்தான் வரும். வயித்தால போற பிள்ளைக்குத் தண்ணி கொடுத்தா அது அப்படியே போகும்னு எங்க அத்தை சொல்லுவாங்க. அவங்க நாலு பிள்ளை வளர்த்தவங்க. இதுக்கும் தண்ணிக்கும் என்ன இருக்கு? இது அந்த அழுகைதான். வாசலுக்கு வரும்னாங்கள்லா, வந்துட்டு. நீங்க உங்க சாருக்கு ஒரு போன் போட்டு அதை எடுக்கச் சொல்லுங்க, நாளைக்கே பிள்ளை சரியாயிரும். அதுக்குத்தான் உங்களை உக்கார வச்சு இத்தனையும் சொன்னேன். எனக்கு வேற யாரு இருக்கா சொல்ல? பிள்ளையோட அப்பா திருவனந்தபுரத்துல பேக்கரியில நிக்காரு.

கேக்காதீங்க.

மூணாம் தடவை கேக்காதீங்க, எனக்குத் தெரியும் நீங்க என்ன கேக்கப் போறீங்கன்னு.

கொடுக்கலை. நேத்து மத்தியானத்துலருந்து கொடுக்கலை. தண்ணியும் கொடுக்கலை, பாலையும் குறைச்சுட்டேன். ரெண்டு நாளா போய்க்கிட்டே இருந்துச்சா, எங்க அத்தைதான் தண்ணி கொடுக்காதேன்னாங்க.

சொல்லிட்டேன்.

இது கிரிஜா சொல்லுறது. அப்படியே அதே வார்த்தை. இந்தத் தடவை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கலை டாக்டரம்மா, தானா வந்துச்சு.

காலையிலருந்து நனையலைன்னு நான்தான் சொன்னேன், இல்லையா? துவைக்கிற வேலை மிச்சம்னு சொன்னேன். மூணு மார்க்குக் கேள்வி அது. நீங்க கேக்காமலே சொல்லியிருக்கேன், சொல்லிட்டு அடுத்த இலையை எடுத்திருக்கேன். சமத்தாக் கிடக்கான்னேன். எத்தனை தடவை அந்த விளையாட்டுல கையைத் தொட்டு, கண்ணைத் தொட்டு, எத்தனை தடவை காப்பாத்துனேன். தொட்டில் பத்தடி தூரத்துல இருக்கு.

கை நின்னுட்டு பாருங்க.

நீங்க பாருங்க. நான் வரலை. நீங்க தூக்குங்க. இங்க இருந்தே பார்க்கேன். கண்ணு? கொஞ்சம் குழி விழுந்திருக்கா, கொஞ்சம்தானா? வயித்தைக் கிள்ளுதீங்களா, விடுங்க, எண்ணுங்க. ஒண்ணு. படிஞ்சுட்டா? மெதுவாவா? மெதுவான்னா ரெண்டுக்குள்ளயா, ரெண்டைத் தாண்டியா? ரெண்டுக்குள்ளன்னா நேரம் இருக்கு. எனக்குத் தெரியும், ரெண்டுக்குள்ளன்னா விளையாட்டுல அந்தக் கடிகாரம் இன்னும் பச்சையிலதான் இருக்கும்.

பாக்கெட்டு உங்க பையிலயே இருக்கா! அப்ப எங்க அத்தை அந்த வெயில்ல... சரி, சரி. சின்னப் பானையில ஆறின வெந்நீர் இருக்கு, செம்புல ஒரு லிட்டர்க் கோடு நானே கீறி வச்சிருக்கேன், விளையாட்டுக்குப் பழகுறதுக்கு. முழுப் பாக்கெட்டையும் கொட்டுங்க, பாதி போடாதீங்க. கரண்டி மேல் தட்டுல இருக்கு. மடியில சாய்ச்சுப் பிடிங்க, தலை தொங்கக் கூடாது. கொஞ்சமா. இன்னும் கொஞ்சமா.

குடிக்காளா?

சத்தம் கேக்குது. நக்கி நக்கிக் குடிக்கா. நாவறண்டு கிடந்திருக்கா, பாவிப் பிள்ளை, வாயைத் திறந்து கேக்க வேண்டாமா? என்னை மாதிரியே. யாராவது கேட்டாத்தான் சொல்லுவேன்னு கிடந்திருக்கா.

அழுவுதாளா? ஏன்? கரண்டியை எடுத்ததுக்கா? இன்னும் வேணும்னு அழுவுதா, அடுத்த கரண்டியைக் கொடுங்க, நிப்பாட்டாதீங்க. ஆஸ்பத்திரிக்கு வரணும்னாலும் வாரேன், எங்கன்னாலும் வாரேன். டாக்டரம்மா, உங்க சார்ட்ட ஒண்ணு சொல்லுங்க. நான் சொன்னா சரி சார்னுதான் வரும், நீங்க சொல்லுங்க. என் சத்தத்தை எடுத்துட்டு, பிள்ளை பிழைச்சா கேக்குற மாதிரி இந்த அழுகையைச் சேர்க்கச் சொல்லுங்க. தண்ணிக்கு அழுவுதா பாருங்க, இதை. இதைக் கேட்டாலும் ஒருத்தரும் கேள்வியைத் தாண்டிப் போக மாட்டாங்க, நான் வேணும்னா நேர்ல வந்து...

"ஏளா, முப்பிடாதி! அங்கன்வாடி பூட்டிக் கிடக்குளா! உள்ள பிள்ளைக்கு என்னத்தைக் கொடுக்கீங்க? முப்பிடாதி!"

அத்தை வந்துட்டாங்க. நீங்க எந்திரிக்காதீங்க, கரண்டியை நிப்பாட்டாதீங்க, ஒரு சொட்டு கூட நிப்பாட்டாதீங்க. அவங்களை வாசல்லயே நான் பார்த்துக்கிடுதேன். என்ன சொல்லப் போறேன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது, இந்தச் சுளகை இறக்கி வச்சுட்டு வாசலுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள வாயில ஏதாவது ஒரு வார்த்தை...